கண்காட்சியும் கணக்குப் புத்தகமும்
அமெரிக்கச் சிறுவர் சங்கங்களைப் பற்றிய ஒரு பாடம்

தான் உழைத்து ஆக்கிய பொருளைப் பிறர் காண வைப்பதில் உழைப்பாளிக்கு ஓர் இன்பம் உண்டு. தறியிலிருந்து அறுத்த சேலையை நெசவாளர் விரித்துப் பிடித்து நோக்கும்போதும், முதற் காய்ப்பைக் கூடையில் அடுக்கி விவசாயி வாசலில் வைக்கும்போதும் அவ்வின்பம் முகத்தில் தெரியும். ஆயினும் காண வந்தவர், “இது யார் கைவேலை? இதற்கு ஆன செலவு என்ன? விற்றால் எஞ்சுவது யாது?” என்று வினவத் தொடங்கினால், அவ்வின்பம் படிப்பாக மாறுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜூன் மாதம் முதல் செப்டம்பர் மாதம் வரையில் ஊர்ப்புறங்களில் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. ‘கவுண்டி’ என்று அந்நாட்டார் வழங்கும் மாவட்டம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனக்கென ஒரு கண்காட்சியை நடத்துகின்றது. அக்கண்காட்சிகளின் உயிர்நாடியாக விளங்குவோர் சிறுவர் சிறுமியரே. அவர்கள் வளர்த்த ஆடும் மாடும், விளைவித்த காயும் கனியும், தைத்த உடையும் நூற்ற நூலும் அங்கே வைக்கப்படுகின்றன. அவர்களுடைய கோடைக்கால வேலையைப் பற்றி இப்பாடத்தில் ஆராய்வோம். பரிசுகளின் பெருமையை எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. பிள்ளைகள் அதனால் கற்பது யாது, அதனை அவர்கள் கற்பதற்காகப் பெற்றோர் எதனைச் செய்யாதிருத்தல் வேண்டும் என்பவற்றை அறிவதே நம் நோக்கம்.

1. இரண்டு செம்மறி ஆடுகள்

இக்கண்காட்சிகளின் வரலாறு நெசவாளருக்கு அயலானதன்று. அது கம்பளியில் தொடங்குகின்றது. 1807-ஆம் ஆண்டில் எல்கானா வாட்சன் என்பவர், மாஸசூஸெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு நகரின் பொது வெளியில், தாம் வாங்கி வந்த மெரினோ இனச் செம்மறி ஆடுகள் இரண்டினை ஊரார் காணுமாறு நிறுத்தினார். ஸ்பெயின் நாட்டில் தோன்றிய அவ்வினத்தின் மயிர் மெல்லியது. நயமான துணிக்கு ஏற்றது. ஆட்டைக் காண மக்கள் திரண்டனர். இரண்டு ஆடுகளுக்கு இவ்வளவு கூட்டம் கூடுமாயின், ஊரிலுள்ள கால்நடைகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் காட்டினால் எத்துணை பயன் விளையும் என்று வாட்சன் எண்ணினார். 1810-ஆம் ஆண்டில் அவ்வூரில் கால்நடைக் காட்சி நடந்தது; 1811-ஆம் ஆண்டில் பெர்க்ஷயர் விவசாயச் சங்கம் அமைந்தது. பின்னர்ப் பெண்கள் தம் இல்லங்களில் நெய்த துணிகளுக்கும் பரிசு வழங்கும் வழக்கம் ஏற்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நல்ல ஆட்டைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதற்குப் பதிலாக, நல்ல ஆட்டையே வாட்சன் கொணர்ந்து நிறுத்தினார். உழவர் அதன் மயிரைக் கையால் விலக்கிப் பார்த்தனர். கண்டதை நம்புதல் உழைப்பாளரின் இயல்பு. அவ்வியல்பை ஒட்டியே கண்காட்சி வளர்ந்தது.

2. தந்தையர் தயங்கினர், மைந்தர் முயன்றனர்

1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அந்நாட்டு மாநிலங்களில் விவசாயக் கல்லூரிகள் எழுந்தன. புதிய விதைகளையும் புதிய முறைகளையும் அவை ஆராய்ந்து கண்டன. ஆயினும் உழவர் பலர் அவற்றை எளிதில் ஏற்றாரில்லை. கல்லூரியில் விளைந்தது தம் காட்டில் விளையுமா என்று ஐயுற்றனர். அந்த ஐயத்தை இகழ்தல் தகாது. ஓர் ஆண்டின் விளைச்சல் பொய்த்தால் குடும்பமே வாடும். ஆகையால் உழவன் அஞ்சுவது நியாயமே.

இந்நிலையில் சில ஆசிரியர்கள் வேறொரு வழி கண்டனர். 1902-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்துக் கிளார்க் மாவட்டத்தில், பள்ளிக் கண்காணிப்பாளராய் இருந்த ஏ. பி. கிரஹாம் என்பவர், ஸ்பிரிங்பீல்டு நகர நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மக்காச்சோளம் பயிரிடல், காய்கறித் தோட்டம், பூச்செடி, மண் பரிசோதனை ஆகியன அவர்தம் முதல் வேலைகள். பிறர் கூறியதைப் பிள்ளைகள் ஒப்பிக்கவில்லை. சிறு நிலத்தில் தாமே செய்து பார்த்தனர்.

தென் மாநிலங்களில் சிறுவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிடும் சங்கங்கள் பரவின. 1910-ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்துச் சிறுவனாகிய ஜெரி மூர் என்பவன் ஓர் ஏக்கரில் 228¾ புஷல் விளைவித்தான். ஒரு புஷல் மக்காச்சோள மணி ஏறத்தாழ 25 கிலோ எடை. அவ்வாண்டில் நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புஷலுக்கும் குறைவு என்பதை நோக்கினால், அச்சிறுவனின் ஏக்கர் அண்டை அயலாரை எவ்வாறு சிந்திக்க வைத்திருக்கும் என்பது விளங்கும். அதே 1910-ஆம் ஆண்டில் அம்மாநிலத்து ஏய்க்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை சிறுமியருக்காகத் தக்காளிச் சங்கம் அமைத்தார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஓர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். அதாவது ஏறத்தாழ 10 சென்ட். விளைந்த தக்காளியைப் பக்குவம் செய்து தகரக் குவளைகளில் அடைத்து விற்கவும் அவர்கள் கற்றனர். விளைவிப்பதோடு நில்லாமல், கெடாமற் காத்து விற்பதும் பாடத்தில் அடங்கியது.

3. சங்கத்தின் அமைப்பு

1914-ஆம் ஆண்டில் ஸ்மித்-லீவர் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் விவசாய இலாகா, மாநில விவசாயக் கல்லூரி, மாவட்ட நிர்வாகம் ஆகிய மூன்றும் பொருளும் பொறுப்பும் பகிர்ந்து உழவர்க்கு அறிவு புகட்டும் ஏற்பாடு இச்சட்டத்தால் நிலைபெற்றது. அதன் பெயரே ‘கூட்டுறவு விரிவாக்கப் பணி’ என்பதாகும். சிறுவர் சங்கங்கள் அப்பணியின் ஒரு கிளையாயின.

இச்சங்கங்களுக்கு ‘நான்கு எச்’ என்று பெயர். தலை, இதயம், கை, உடல்நலம் என்பவற்றைக் குறிக்கும் ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் என்னும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் ‘எச்’ என்னும் எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் அமைந்தது. நான்கு இதழ் கொண்ட பச்சைத் தீவனப்புல் இலை ஒன்று, இதழுக்கு ஓர் எழுத்தாகத் தாங்கி நிற்பதே சங்கத்தின் சின்னம். இன்று ஏறத்தாழ 60 இலட்சம் பிள்ளைகள் இதன் வேலைகளில் ஈடுபடுகின்றனர். நகரத்துப் பிள்ளைகளும் அவர்களில் உளர். கணிப்பொறி, இயந்திர வேலை முதலியனவும் பாடங்களாகியுள்ளன.

குறையின்றி வளர்ந்த இயக்கம் இஃது என்று கூறிவிடுதல் உண்மையாகாது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு 1960-களின் நடுப்பகுதி வரையில் தனிச் சங்கங்களே இருந்தன. உழைப்பில் வேற்றுமை இல்லாதிருந்தும் உரிமையில் வேற்றுமை இருந்தது. கூட்டுறவைப் பயில்வோர் இதனை மறத்தல் கூடாது.

சங்கம் நடைபெறும் முறை நம் உறுப்பினர்க்கு உடனே விளங்கும். பிள்ளைகள் தமக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கூட்டத்தில் வருகைப் பதிவு உண்டு. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படும். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய வேண்டும். வரவு செலவு அறிவிக்கப்படும். ஊதியம் பெறாத பெரியோர் சிலர் வழிகாட்டிகளாய் உடனிருப்பர். பன்னிரண்டு வயதில் கணக்கு வாசித்துப் பழகியவர், நாற்பது வயதில் பொதுச்சபையில் எழுந்து கணக்குக் கேட்க அஞ்சமாட்டார்.

4. ஒரு குடும்பத்தின் கோடை

இம்முறை ஒரு வீட்டில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் காண்போம். எளிதில் விளங்கும்பொருட்டு, நடுமேற்கு மாநிலம் ஒன்றிலுள்ள சிறு விவசாயக் குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, பிள்ளைகள் மூவர். மூத்த பெண்ணுக்கு வயது 15. அவள் கம்பளித் துணியில் பாவாடை தைக்க முற்படுகின்றாள். நடுவன் 12 வயதுப் பையன். செம்மறிக் குட்டி வளர்க்கின்றான். இளையவனுக்கு வயது 9. அவனுக்குத் தக்காளிப் பாத்தி. ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கின்றது. என்ன செய்யக் கருதினேன், என்ன செய்தேன், என்ன செலவாயிற்று, எங்கே தவறினேன் என்பவற்றை அவரவரே எழுத வேண்டும்.

ஏப்ரல் நடுவில் 65 பவுண்டு எடையுள்ள குட்டி வீடு வந்தது. ஜூலை இறுதியில் கண்காட்சி. இடையில் 105 நாட்கள். நாளொன்றுக்கு அரைப் பவுண்டுக்கு மேல் எடை ஏறினால்தான் விற்பனைக்குத் தக்கதாகும். பையன் காலையும் மாலையும் தீவனத்தை நிறுத்துப் போட்டான். வாரத்திற்கு ஒரு முறை குட்டியை எடை பார்த்துக் குறித்தான். மாலைதோறும் அதனை நடத்திப் பழக்கினான்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் அவனுக்கு ஆவல் மிகுந்தது. எடை விரைந்து ஏற வேண்டும் என்று கருதித் தானியத்தை ஒரே நாளில் இருமடங்காக்கினான். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் புல்லையும் தானியத்தையும் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தானியம் சிறிது சிறிதாகக் கூடினால் அவை அதற்கேற்பப் பழகிக்கொள்ளும்; திடீரென்று கூடினால் இரைப்பையில் புளிப்பு மிகுந்துவிடும். குட்டிக்குக் கழிச்சல் கண்டது, தலை தொங்கிற்று. கால்நடை மருத்துவரை அழைக்க நேர்ந்தது. பத்து நாட்கள் எடை ஏறவேயில்லை.

அன்றிரவு தந்தைக்கு ஒரு சோதனை. “இனி நானே தீவனம் போடுகிறேன். உன் கையில் விட்டால் கண்காட்சிக்குள் குட்டி பிழைக்காது” என்று சொல்ல அவர் நா எழுந்தது. அவ்வாறு சொல்லியிருந்தால் குட்டி நன்கு வளர்ந்திருக்கும். பையன் வளர்ந்திருக்க மாட்டான். அவர் தீவனப் பையின் மேல் அச்சிட்டிருந்த அளவுக் குறிப்பைப் பையனிடம் காட்டி, “இதனைப் படித்தாயா?” என்று மட்டும் கேட்டார். பையன் படித்திருக்கவில்லை. மறுநாள் அவன் கணக்குப் புத்தகத்தில், “தானியத்தை ஒரே நாளில் கூட்டியது என் தவறு. இனி பத்து நாட்களுக்குக் குறையாமல் படிப்படியாகக் கூட்டுவேன்” என்று எழுதினான். மருத்துவச் செலவும் அதன் கீழே ஏறியது.

மூத்தவளுக்கு வேறு விதமான இடர். பாவாடையின் இடுப்பில் ஜிப் வைத்துத் தைக்க வேண்டும். மூன்று முறை தைத்து மூன்று முறையும் பிரித்தாள். துணியைத் தைக்கும் முன்னரே நீராவி காட்டிச் சுருங்கச் செய்துகொள்ள வேண்டும் என்பதை அவள் வழிகாட்டியிடம் கற்றிருந்தாள். ஆனால் கோணலின்றி ஜிப் வைப்பது கைப்பழக்கத்தால் வருவது. நள்ளிரவில் தாய் எழுந்து வந்து, “கொடு, ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்” என்றாள். பெண் கொடுக்கவில்லை. தாயும் வற்புறுத்தாமல் விளக்கை அருகே நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்தாள்.

5. நடுவர் முன்

கண்காட்சி வாரம் வந்தது. கொட்டகையில் விடியுமுன்னரே எழுந்து தொழுவம் பெருக்குதல், வைக்கோல் மாற்றுதல், நீர் வைத்தல், குட்டியைக் குளிப்பாட்டுதல் என வேலை ஓயாது. நண்பகல் வெயில் கடுமையானது. மின்விசிறிகளைக் கட்டி விலங்குகளுக்குக் காற்று வருமாறு செய்தனர்.

பல மாவட்டங்களில் பிள்ளைகளின் பொருள்களை மதிப்பிட ‘டேனிஷ் முறை’ என்பதனைக் கையாள்கின்றனர். இம்முறையில் ஒருவர் பொருளை மற்றொருவர் பொருளோடு ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவதில்லை. முன்னரே வகுத்த தரம் ஒன்றுண்டு. அத்தரத்தோடு ஒவ்வொரு பொருளும் தனித்தனியே ஒப்பிடப்படும். மிக நன்றாயின் நீல ரிப்பன், நன்றாயின் சிவப்பு, இன்னும் திருந்த வேண்டுமாயின் வெள்ளை. பத்துப் பேரும் தரத்தை எட்டினால் பத்துப் பேருக்கும் நீலமே. அண்டை வீட்டுப் பிள்ளை தோற்றால்தான் நம் பிள்ளை வெல்ல முடியும் என்னும் நிலை இதில் இல்லை.

இளையவன் ஒரு தட்டில் 5 தக்காளிகளை வைக்க வேண்டியிருந்தது. தன் பாத்தியிலேயே பெரியதான பழத்தைப் பெருமையோடு நடுவில் வைத்தான். சுற்றிலும் சிறியன நான்கு. அவனுக்குக் கிடைத்தது வெள்ளை ரிப்பன். அடுத்த தட்டில் நடுத்தரமான பழங்கள் ஐந்து, ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பழுப்பு; அதற்கு நீலம். நடுவர் அவனை அழைத்து, “உன் பெரிய பழம் அழகுதான். ஆனால் கடைக்காரர் ஒரு பெட்டி கேட்டால் ஐந்தும் ஒத்திருக்க வேண்டுமல்லவா?” என்றார். ஒன்பது வயதுப் பையன் அங்குக் கற்றதைத் தரம் பிரிக்காமல் மூட்டை கட்டும் பெரியோரும் கற்கலாம். பாவில் ஓரிடத்தில் நெருக்கமும் ஓரிடத்தில் தளர்வும் உள்ள துணியை வாங்குவோர் ஒதுக்குவதும் இதனாலேயே.

மூத்தவளின் பாவாடையை நடுவராகிய அம்மையார் முதலில் உட்புறம் வெளிவரத் திருப்பினார். வெளிப்பக்கம் பேசுவதைவிட உட்பக்கம் அதிகம் பேசும். பின்னர்ப் பெண்ணை எதிரில் அமர்த்தி, துணியின் நெடுக்கு இழை எது, ஜிப் எவ்வாறு வைத்தாய், ஓரமடிப்பு ஏன் இங்கே இறங்கியிருக்கிறது என்று கேட்டார். மூன்று முறை பிரித்த செய்தியை அவள் மறைக்கவில்லை. ஓரமடிப்பின் குறையினால் சிவப்பு ரிப்பனே கிடைத்தது. அதே மேசையில் சற்று முன்னர், குற்றமே காண முடியாத சட்டை ஒன்று வந்திருந்தது. ஆனால் அதைக் கொணர்ந்த சிறுமி எந்தக் கேள்விக்கும் விடை கூறமாட்டாமல் தாயின் முகத்தையே நோக்கி நின்றாள். நடுவர் இருவரில் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. எவள் கற்றாள் என்பது மட்டும் அங்கிருந்தோர் அனைவருக்கும் தெரிந்தது.

பையனின் குட்டி எடைப் பிரிவில் ஒன்பதில் ஆறாவதாக நின்றது. ஆட்டின் தகுதி வேறு. அதனை நடத்திக் காட்டும் திறமை வேறு. அத்திறமைக்குத் தனிப் போட்டி உண்டு. கயிறின்றிக் குட்டியின் தாடையைத் தாங்கி நிறுத்துதல், நடுவர் முதுகைத் தொட்டுப் பார்க்கும்போது அது அசையாமல் இருக்கச் செய்தல், கண்ணை நடுவர்மேல் வைத்திருத்தல், கேட்ட கேள்விக்கு விடை கூறுதல் ஆகியவற்றை அதில் மதிப்பிடுவர். மாலைதோறும் நடத்திப் பழக்கியதன் பயன் அங்கே தெரிந்தது. அவனுக்கு நீல ரிப்பன் கிடைத்தது.

6. ஏலமும் உண்மைக் கணக்கும்

வாரக் கடைசியில் ஏலம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் விலங்குகள் அன்றே கைமாறும். நூறு நாட்களுக்கு மேல் தன் கையால் உண்ட குட்டியைப் பையன் ஏலக் களத்துள் நடத்திச் சென்றான்; வெளியே வருகையில் கையில் கயிறு மட்டும் இருந்தது. கொட்டகைக்குப் பின்னே நின்று அழுதான். பிள்ளைகள் அழுவது இக்கண்காட்சிகளில் புதிதன்று. பெரியோர் அதனைக் கண்டு நகைப்பதுமில்லை. உணவு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்த பிள்ளையின் கண்ணீர் அது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பாடத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. குட்டி வாங்கியது 200 டாலர், தீவனம் 110, மருத்துவமும் மயிர் வெட்டுக் கூலியும் 20, வைக்கோல் 15, நுழைவுக் கட்டணம் 10, ஆகச் செலவு 355 டாலர். கண்காட்சியில் குட்டியின் எடை 130 பவுண்டு. ஏலத்தில் கிடைத்ததோ 600 டாலர். ஆகவே இலாபம் 245 டாலர் என்று பையன் எழுதினான்.

சங்கத்தின் வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்து, “அன்றைய சந்தை விலை பவுண்டுக்கு என்ன?” என்று கேட்டார். 2 டாலர். அவ்விலைப்படி குட்டியின் மதிப்பு 260 டாலரே. அப்படியாயின் தொழிலில் 95 டாலர் நஷ்டம். மீதி 340 டாலர், பிள்ளைகளை ஊக்குவிக்கும்பொருட்டு உள்ளூர் வியாபாரிகள் சந்தை விலைக்கு மேல் மனமுவந்து கொடுத்த நன்கொடை. அத்தகைய ஏலங்களில் இவ்வழக்கம் உண்டு. அது நல்ல வழக்கமே. ஆனால் நன்கொடையை இலாபம் என்று எழுதினால், அடுத்த ஆண்டு பத்துக் குட்டிகளை வாங்கிச் சந்தையில் விற்று ஏமாற நேரிடும்.

பையன் பக்கத்தை அழித்துவிட்டு இரண்டு வரிகளாக எழுதினான்: தொழில் நஷ்டம் 95; ஊக்க நன்கொடை 340. பின்னர் விலை கொடுத்தவருக்குத் தன் கையாலேயே நன்றிக் கடிதம் எழுதினான்.

நம் சங்கங்களின் கணக்கைப் படிப்போர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தள்ளுபடியாலும் மானியத்தாலும் விற்ற சரக்குக்கும், தன் தரத்தால் விற்ற சரக்குக்கும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ஆண்டறிக்கை அழகாக இருக்கும். சங்கத்தின் உண்மை நிலை மறைந்துவிடும். உதவி பெறுவது குற்றமன்று. உதவியை உழைப்பின் ஊதியம் என்று எண்ணிக்கொள்வதே குற்றம்.

7. பெரியோரின் கை

இம்முறையின் வலிமை எதுவோ அதுவே இதன் ஆபத்துமாகும். பரிசு பெரிதாகும்போது பெரியோரின் கை உள்ளே நுழைகின்றது. விலை மிக்க விலங்கை வாங்கிக் கொடுத்தல், கூலிக்கு ஆள் வைத்து மயிர் வெட்டி ஒப்பனை செய்வித்தல், பிள்ளையின் பெயரில் தாமே வளர்த்தல் எனத் தீமை படிப்படியாக வளரும். 1994-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற கால்நடைகள் சிலவற்றுக்கு முறைகேடாகப் பொருள்கள் செலுத்தப்பட்டிருந்தமை பரிசோதனையில் வெளிப்பட்டது. அதன் பின்னர் இத்தகைய மோசடியைத் தடுக்க அம்மாநிலத்தில் சட்டம் செய்ய நேர்ந்தது. சிறுவர் சங்கம் பிறந்த மாநிலமே அது என்பதை எண்ணும்போது, நல்ல ஏற்பாடும் காவலின்றி நிலையாது என்பது புலனாகும்.

ஆகவே நம் உதாரணக் குடும்பத்தின் தாயும் தந்தையும் செய்தவற்றைவிடச் செய்யாது விட்டவையே உயர்ந்தவை. தந்தை தீவனக் கலத்தைப் பறிக்கவில்லை. தாய் ஊசியை வாங்கவில்லை. அவ்வாறு அடங்கி நிற்பது எளிதன்று. தவறு கண்ணெதிரே நிகழ்வதைப் பார்த்துக்கொண்டு, உயிருக்குக் கேடு வாராமல் மட்டும் காத்து, மற்றதைப் பிள்ளையிடம் விடுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

8. நாம் கொள்ளத்தக்கது

அயல்நாட்டுக் கண்காட்சியை இங்கே அப்படியே கொணர வேண்டும் என்பது கருத்தன்று. ஆனால் நெசவாளர் வீடுகளிலும் விவசாயிகள் வீடுகளிலும் பிள்ளைகள் ஏற்கெனவே கைவேலைக்கு நடுவில்தான் வளர்கின்றனர். அவ்வீடுகளில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பள்ளியை விட்டுத் தார் சுற்றும் பிள்ளை தந்தையின் கூலியை மிச்சப்படுத்துகின்றது. அது கல்வியன்று, சுரண்டல். பள்ளி முடிந்து வந்து, தனக்கென விடப்பட்ட ஒரு பாத்தியிலோ ஒரு முழத் துணியிலோ, தானே திட்டமிட்டு, தானே கணக்கெழுதி, வந்த பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும் பிள்ளை கல்வி பெறுகின்றது. வேலை ஒன்றேபோல் தோன்றினும் உரிமை யாருடையது, கணக்கு யாருடைய கையில் இருக்கின்றது என்பவற்றால் இரண்டும் வேறாகின்றன.

ஒரு சங்கம் இதனைத் தொடங்குவதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. பத்துப் பிள்ளைகள், பத்து நோட்டுப் புத்தகங்கள், மாதம் ஒரு கூட்டம், ஆண்டு இறுதியில் பொதுச்சபை நாளன்று ஒரு மேசை போதும். மேசைமேல் பொருளோடு கணக்குப் புத்தகத்தையும் வைக்க வேண்டும். பார்வையிடும் பெரியோர் முதலில் புத்தகத்தைப் புரட்டட்டும். நஷ்டத்தை மறைக்காமல் எழுதிய பிள்ளையை முதுகில் தட்டிப் பாராட்டட்டும். அத்தகைய பிள்ளைகள் நாளை நிர்வாகக் குழுவில் அமரும்போது, சங்கத்தின் பணம் நல்ல கைகளில் இருக்கும்.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. உழவர் புதிய முறைகளை ஏற்கத் தயங்கியதற்குக் காரணம் யாது? அத்தயக்கத்தைச் சிறுவர் சங்கங்கள் எவ்வாறு நீக்கின?

2. பிறர் பொருளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கும், வகுத்த தரத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. நம் சங்கத்தின் துணியையோ விளைபொருளையோ தரம் பிரிக்க எம்முறை ஏற்றது?

3. பையனின் கணக்கில் 245 டாலர் என்பது ஏன் உண்மை இலாபமன்று? நம் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கணக்கில் மானியமும் தள்ளுபடியும் தனியே காட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்க.

4. பிள்ளையின் கல்விக்கான வேலை, பிள்ளையைச் சுரண்டும் வேலை ஆகிய இரண்டையும் பிரித்தறிய உங்கள் ஊரிலிருந்து உதாரணங்கள் கூறுக.

5. உங்கள் பிள்ளை தவறு செய்வதைக் கண்டும் கை நீட்டாமல் இருந்த ஒரு சமயத்தையும், இருக்க முடியாமற்போன ஒரு சமயத்தையும் நினைவுகூர்ந்து, அவற்றின் விளைவுகளைக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்க.